கரும்பறிஞர் வேங்கடராமனார்

கோயமுத்தூர் நகரத்தின் மேல்பால், மருதமலையை நோக்கிச் செல்லும் சாலைக்கு அணித்தாக, ஐப்பசி கார்த்திகைத் திங்கள்களில் செல்வோர் ஒரு புதுமையைக் காணலாம். ஆண்டுக் கரும்புத் தோட்டம் ஒன்று முழுவதும் வெண்சாமரம் தூக்கினாற்போலப் பூத்து நிற்கும். நம் குடியானவர்கள் கரும்பு பூப்பதை விரும்பார். பூத்த கரும்பு மேலும் வளராது. நாள் செல்லச் செல்ல உட்புறம் நெட்டியாகிச் சாறு வற்றும். ஆலைக்குச் செல்வதற்கு முன்னரே பாதிப் பயன் போய்விடும். ஆனால் அத்தோட்டத்தில் மட்டும் கரும்பு பூப்பதற்காகவே பயிரிடப்படுகின்றது. குடியானவன் நட்டமென்று கருதிய அப்பூவைக் கொண்டே வடநாடு முழுவதன் கரும்பையும் மாற்றியமைத்தவர் ஒருவர் நம் நகரத்தில் முப்பதாண்டு உழைத்தார். அவரே திருவாடி சாம்பசிவ ஐயர் வேங்கடராமன் என்பார். 1884ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் பிறந்து, 1963ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் மறைந்தவர். அவருடைய சரித்திரத்தை நம் மாணவர்கள் அறிந்திருத்தல் நலமென எண்ணி இதனை எழுதப் புகுகின்றோம்.

அவர் செய்த காரியத்தின் அருமையை உணர வேண்டுமாயின், அதற்கு முன்னிருந்த நிலையைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். கரும்பு நம் நாட்டிற்குப் புதியதன்று. கொங்கு நாட்டின் வடவெல்லையில் தகடூரை ஆண்ட அதியமானின் முன்னோரே கரும்பை இங்குக் கொணர்ந்தனர் என்று ஔவையார் பாடிய செய்தி புறநானூற்றில் உளது. சர்க்கரை என்னும் பொருளை உலகுக்கு அளித்ததும் பாரத நாடே. இத்துணைப் பழமை இருந்தும், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டார் உண்ட வெள்ளைச் சர்க்கரையில் மிகுதியானது சாவகத் தீவிலிருந்து கப்பலேறி வந்தது. கரும்பு பயிராகும் நிலத்தின் பரப்பிலோ எந்நாடும் நமக்கு நிகரன்று. பரப்பு மிகுதி, விளைவு குறைவு. இதுவே அக்காலத்து நிலை.

குறைவின் காரணம் வடநாட்டில் இருந்தது. கரும்பு நிலத்தின் பெரும்பகுதி பஞ்சாபிலும் கங்கைச் சமவெளியிலும் பீகாரிலும் கிடக்கின்றது. ஆங்கே குளிர்காலத்தில் உறைபனி விழும். கோடையில் அனற்காற்று வீசும். மழைக்காலத்தில் வயலில் நீர் தேங்கும். அவற்றையெல்லாம் தாங்கி நின்றவை விரற்பருமனே உடைய மெல்லிய நாட்டுக் கரும்புகள். நம் தென்னாட்டில் கடித்துத் தின்னும் பருத்த கரும்பைக் கொண்டுபோய் அங்கு நட்டால் அது ஒரு குளிருக்கும் நில்லாது. மெல்லியது வலியது, ஆயினும் சாறு சிறிது. பருத்தது இனியது, ஆயினும் நொய்யது. இரண்டின் குணங்களையும் ஒன்றில் சேர்த்தாலன்றி வழியில்லை.

சேர்ப்பது எங்ஙனம்? கரும்பை நாம் விதையிட்டு வளர்ப்பதில்லை. கரணை நட்டே வளர்க்கின்றோம். கரணையினின்று முளைப்பது தாய்க் கரும்பின் மறுபடியேயன்றிப் புதிதன்று. நூறாண்டு நட்டாலும் அதே கரும்புதான். கரும்பின் பூவில் முளைக்குந்திறனுடைய விதை உண்டு என்பதே 1888ஆம் ஆண்டையொட்டித்தான் சாவகத்திலும் மேலைத் தீவாகிய பார்படோசிலும் உறுதிப்பட்டது. அதன் பின்னர்த்தான் இருவேறு கரும்புகளை மணஞ்செய்வித்துப் புதுக் கரும்பைப் பெறலாம் என்னும் எண்ணம் பிறந்தது. வடநாட்டிலோ கரும்பு பூப்பதே அரிது. பூத்தாலும் விதை முளையாது. ஆகவே வடநாட்டுக் கரும்பின் துன்பத்தை வடநாட்டில் வைத்துத் தீர்த்தல் இயலாதாயிற்று.

இந்நிலையில் சென்னை மாகாணத்தில் தாவர நூல் வல்லுநராக இருந்தவர் பார்பர் துரை. தென்னாப்பிரிக்காவிற் பிறந்து, கேம்பிரிட்ஜிற் கற்று, மேலைத் தீவுகளிற் பணியாற்றியபின் 1898இல் சென்னை வந்தவர். கோதாவரி வட்டாரத்தில் செவ்வழுகல் என்னும் நோய் கரும்பை வேரோடு அழித்தபோது, 1902இல் சாமர்லகோட்டையில் ஓர் ஆராய்ச்சிப் பண்ணை நிறுவப்பட்டது. அப்பணியிலும் இவருக்குப் பங்குண்டு. பிறகு கோயமுத்தூரில் கரும்பு நன்கு பூப்பதையும், அப்பூ நல்விதை தருவதையும் அறிந்து, 1912ஆம் ஆண்டு கரும்பு இனப்பெருக்க நிலையம் இங்கே தொடங்கப்பெற்றது. சைதாப்பேட்டையிலிருந்து முன்னரே இங்குப் பெயர்ந்து வந்திருந்த விவசாயக் கலாசாலை அதற்கு அண்டைவீடாயிற்று. மேற்குத்தொடர்ச்சி மலையின் கணவாய் வழியே வரும் ஈரக்காற்றும், மிகுகுளிரும் மிகுவெப்பமும் இல்லாத ஐப்பசி வானிலையும் கரும்பைப் பூக்கச் செய்தன. நம் ஊரின் இளங்காற்றை இன்பமென்று மட்டுமே கருதுவோர் இதனையும் நினைவிற் கொள்க. பார்பர் துரைக்கு அந்நிலையத்தின் தொடக்கமுதல் துணைநின்ற உதவியாளரே நம் வேங்கடராமனார்.

இனி நாணலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆற்றங்கரையிலும் ஏரிக்கரையிலும் தானே முளைத்து வெண்பூ விரிக்கும் நாணற்புல் கரும்புக்கு நெருங்கிய உறவு. வடநாட்டில் இதனைக் காஸ் என்பர். புந்தேல்கண்டத்துக் கரிசல் நிலங்களில் இப்புல் புகுந்தால் உழவர் ஏரைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டே பெயர்ந்ததுண்டு. வேரும் கிழங்கும் அத்துணை ஆழம் ஓடும். சாறு என்று சொல்லத்தக்கதோ இனிமை என்று சொல்லத்தக்கதோ அதில் இல்லை. வறட்சியாலும் வெள்ளத்தாலும் சாகாமையே அதன் ஒரே செல்வம். கோயமுத்தூரில் வளர்ந்த இந்நாணலின் மகரந்தத்தை எடுத்து, வெள்ளை என்று பெயர்பெற்ற பருத்த தமிழ்நாட்டுக் கரும்பின் பூவில் தூவினர். களையைக் கொண்டு பயிரைக் கெடுப்பதா என்று எவரும் ஐயுறத்தக்க செயலே அது. பிறந்த நாற்றுக்களுள் ஒன்று கோ 205 என்னும் பெயருடன் 1918ஆம் ஆண்டு பஞ்சாபின் வயல்களுக்குச் சென்றது. அங்குள்ள நாட்டுக் கரும்பைவிட ஏறத்தாழ அரைமடங்கு மிகுதியாக விளைந்தது. காட்டுப் புல்லின் குருதி கலந்த கரும்பு உழவன் வயலில் விலைபோகும் பயிராக நின்றது உலகில் அதுவே முதன்முறை என்று இத்துறையினர் கூறுவர்.

நாணலுடன் கலந்தும் இனிமை எவ்வாறு நின்றது என்று மாணவர் வினவலாம். உயிரணுவினுள் இருக்கும் நிறக்கோல்களில் தாய் பாதியும் தந்தை பாதியும் மகவுக்கு அளித்தலே இயற்கை வழக்கு. பருத்த கரும்புக்கு நிறக்கோல் 80; கோயமுத்தூர் நாணலுக்கு 64. வழக்கப்படி பிள்ளைக்கு 72 இருத்தல் வேண்டும். ஆனால் கோ 205இல் இருப்பவை 112. தாய் தன் 80ஐயும் முழுவதாகக் கொடுத்துவிட, தந்தையாகிய நாணல் மட்டும் பாதியாகிய 32ஐக் கொடுத்தது. தாயின் இந்த வள்ளன்மையாலேயே சாறு வற்றாமல் நின்றது. இவ்விந்தையைப் பின்வந்த ஆராய்ச்சியாளர் கண்டு தெளிந்தனர். 1912இல் மணஞ்செய்வித்த கைகளுக்கு இஃது ஒன்றும் தெரியாது.

பார்பர் துரை ஓய்வுபெற்றுச் சென்றபின், நிலையத்தின் தலைமை வேங்கடராமனாரிடம் வந்தது. வெள்ளையரே வல்லுநராயிருந்த அக்காலத்தில் இந்தியர் ஒருவர் அப்பதவியை ஏற்றது சிறிய செய்தியன்று. ஆயினும் நாம் வியப்பது பதவியையன்று, அவர் கைக்கொண்ட பொறுமையையே. கரும்பின் பூ எள்ளினும் சிறிது. ஒரு பூங்கொத்தில் ஆயிரக்கணக்கானவை நெருங்கியிருக்கும். ஒவ்வொன்றிலும் ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் உடனுறையும். பிற பயிர்களிற் போல ஆணுறுப்பைக் கிள்ளியெறிந்து கலப்புச் செய்வது ஆகாத காரியம். ஆகவே மகரந்தம் மலடாயிருக்கும் கரும்புகளைத் தேடித் தாயாகக் கொண்டனர். மகரந்தத் துகளில் மாப்பொருள் உண்டா இல்லையா என்பதை அயோடின் துளியிட்டுப் பார்த்தால் மலடும் வளமும் வெளிப்படும். இரு கரும்புகள் ஒரே நாளிற் பூவாவிட்டாலும், தொலைவில் நின்றாலும், கலப்பு நிகழாது. ஆதலின் நிற்கும் கரும்பின் கணுவில் மண்கட்டி வேர்விடச் செய்து, அறுத்து எடுத்துவந்து அருகருகே நிறுத்தும் முறையையும் கையாண்டனர். விடியற்காலையில் மகரந்தம் விரியும் நேரம் பார்த்துத் தோட்டத்தில் நிற்க வேண்டும். பஞ்சுபோன்ற விதையைச் சட்டியில் தூவி, முளைத்த நாற்றை மாற்றி மாற்றி நட்டு, ஓராண்டு வளர்த்து, சாற்றைச் சோதித்து, ஆயிரத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை வெட்டியெறிய வேண்டும். அவ்வேலைகளில் அவருடன் நின்ற தோட்டக்காரர்களின் பெயர்களை ஏடுகள் தாங்கவில்லை. நாற்றின் வேர் எவ்வாறு ஓடுகின்றது என்பதையும் அவர் மண்ணைக் கழுவிப் பார்த்து எழுதினார். நிலத்தின் மேலே தெரிவதை மட்டும் கண்டு மகிழ்வோருக்கு இவ்வாராய்ச்சி கைகூடாது.

பருத்த கரும்பு, வடநாட்டு மெல்லிய கரும்பு, நாணல் ஆகிய மூன்றன் குணங்களையும் ஒருங்கே திரட்டுவதே அவர்தம் நோக்கமாயிற்று. அங்ஙனம் பிறந்தவை எண்ணிறந்தன. கோ 213 பீகாரிலும், கோ 312 ஐக்கிய மாகாணத்திலும் பஞ்சாபிலும் பரவின. பெயரின் முன்னிற்கும் கோ என்பது கோயமுத்தூரின் முதலெழுத்து. தமிழில் அவ்வெழுத்து அரசனையும் குறிக்குமாதலின் நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி; வடநாட்டு உழவர் அதனைப் பொருள் அறியாமலே சொல்லிப் பழகினர். 1932ஆம் ஆண்டு இறக்குமதிச் சர்க்கரைக்கு எதிராகக் காப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்குமுன் 30ஐ ஒட்டியிருந்த சர்க்கரை ஆலைகள் சில ஆண்டுகளில் 130க்கு மேற்பட்டன. ஆண்டுதோறும் பல இலட்சம் டன் வந்துகொண்டிருந்த சாவகச் சர்க்கரை அப்பத்தாண்டின் நடுவிலேயே மிக அருகிற்று. சட்டத்தால் வந்ததா, கரும்பால் வந்ததா என்று வழக்கிடுவோர் உளர். ஆலையைச் சட்டம் எழுப்பலாம். ஆலை தின்னும் கரும்பைச் சட்டம் விளைவிக்க முடியாது என்பதே நம் கருத்து.

இங்கே ஒன்றை மறைத்தல் தகாது. விளைவு பெருகியவுடன் உழவன் செல்வனாகிவிட்டான் என்று கொள்ளலாகாது. ஆலைவாயிலில் வண்டி நாட்கணக்கிற் காத்து நிற்கும். வெட்டிய கரும்பு காய்ந்து எடை குறையும். ஆலையார் சொன்னதே விலை. அத்துன்பம் பொறுக்கலாற்றாமல் 1934இல் கரும்புக்குக் குறைந்த விலை வகுக்க அரசு ஒரு தனிச்சட்டம் செய்ய நேர்ந்தது. அன்றியும், ஒரே கரும்பு காவதம் காவதமாகப் பரவியதால் வேறோர் இடர் வந்தது. 1938 முதல் 1940 வரை கிழக்கு ஐக்கிய மாகாணத்திலும் வட பீகாரிலும் செவ்வழுகல் நோய் புகுந்து, கோ 213ஐ வயல்வயலாக வீழ்த்தியது. தண்டைப் பிளந்தால் சிவந்த திட்டுக்களும் புளித்த நாற்றமும்; அதைக் கொண்டு சாறும் இல்லை, மறுநடவுக்குக் கரணையும் இல்லை. கோதாவரியில் எந்த நோய் ஆராய்ச்சியைத் தொடங்கச் செய்ததோ, அதே நோய் அவ்வாராய்ச்சியின் பிள்ளையையே கொன்றது. நிலையத்தார் அதற்கு மாற்றாகப் பிற கரும்புகளை அனுப்பினர், உழவரும் மாறினர். ஆனால் இடையில் இழந்த பருவங்களுக்கு ஈடு செய்தவர் எவர்?

வேங்கடராமனார் துணிவும் மிக்கவர். கரும்பு வயலிற் கிடக்கும் காலம் ஓராண்டு. சோளமோ சில திங்கள்களிலேயே முதிர்வது. இரண்டையும் மணஞ்செய்வித்தால் விரைவில் முதிரும் கரும்பு கிட்டாதா என்று எண்ணி, சாவகக் கரும்பு ஒன்றைத் தாயாகவும், நம் கொங்கு நாட்டார் நன்கறிந்த பெரியமஞ்சள் சோளத்தைத் தந்தையாகவும் வைத்துக் கலப்புச் செய்து பயிர் பெற்றார். பின்னர் மூங்கிலோடும் கலந்ததாக 1930களில் வெளியிட்டார். உலகத்துத் தாவர நூலார் வியந்தனர். இவற்றுள் ஒன்றேனும் உழவன் வயலில் நிலைபெறவில்லை. இவற்றினும் சோளக் கலப்பின் நோக்கமே உழவனுக்கு அணித்தானது என்று நாம் கருதுகின்றோம். மூங்கிற் கலப்பு வியப்புக்கே உரியது. இக்கலப்புக்களின் நிறக்கோல்களை ஆராய்ந்தவர், தலைச்சேரியிற் பிறந்து அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்று 1934இல் இந்நிலையத்திற்கு வந்த ஜானகி அம்மாள். மகளிர் ஆராய்ச்சிக்கூடத்திற் காலெடுத்து வைப்பதே அரிதாயிருந்த காலம் அது. அவ்வம்மையார் 1939இல் இங்கிலாந்து சென்றார். அவர் சரித்திரம் தனியே எழுதத்தக்கது.

வடநாட்டிற்கென்று தொடங்கிய நிலையம் தென்னாட்டையும் மறந்ததில்லை. சாவகத்தின் புகழ்பெற்ற கரும்பையும் நம் கோ 290ஐயும் கலந்து பெற்ற கோ 419 என்பது 1933ஆம் ஆண்டு வெளிவந்தது. பருமனும் உயரமும் இனிமையும் ஒருங்கே அமைந்த அக்கரும்பு சென்னை, மைசூர், பம்பாய் மாகாணங்களில் பல்லாண்டு கோலோச்சியது. கவலையிறைத்து ஓர் ஏக்கர் கரும்புக்கு நீர்பாய்ச்சிய நம் கொங்கு வேளாளர் வீட்டுப் பெரியோர்களைக் கேட்டால் நானூற்றுப் பத்தொன்பது என்று எண்ணாலேயே சொல்லுவர். கொப்பரையில் பாகு காய்ச்சும் ஆலைக்கொட்டகைகளில் அவ்வெண்ணே பேச்சாயிருந்தது. இன்று கவுந்தப்பாடிச் சந்தையிலிருந்து பழனிப் பஞ்சாமிர்தத்திற்குச் செல்லும் நாட்டுச் சர்க்கரையும் இந்நிலையத்தின் கரும்புகளுக்குக் கடன்பட்டதே.

கடல்கடந்தும் கோயமுத்தூர்க் கரும்புகள் சென்றன. அமெரிக்காவின் லூயிசியானாவிலும், ஆஸ்திரேலியாவிலும் கோ 290 முதலியன பயிராயின. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் 1930களில் கோ 281 நடப்பட்டது. 1860 முதல் நம் தமிழ்மக்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிச் சென்று, முதுகொடியக் கரும்பு வெட்டிய நாடு அது. ஒப்பந்தமுறை 1911இல் நின்றுவிட்டபோதிலும் அவர்தம் மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். மூதாதையர் விட்டுவந்த நாட்டின் ஊர்ப்பெயரைத் தாங்கிய கரும்பு, மூன்றாந் தலைமுறையில் அவர்களைத் தேடி வந்தது.

1937ஆம் ஆண்டு ஐதராபாத்தில் கூடிய இந்திய விஞ்ஞான மகாசபைக்கு வேங்கடராமனார் தலைமை தாங்கினார். தலைமையுரையில் தம் துறைப் புலமையை விரித்தல் அச்சபையின் வழக்கம். உலகமே அறிந்த கரும்பு வல்லுநர் கரும்பைப் பற்றியே பேசுவார் என்று அவையோர் எண்ணியிருத்தல் கூடும். அவரோ இந்தியக் கிராமத்தின் நேற்றும் இன்றும் நாளையுமே தம் பொருளாகக் கொண்டார். அவர் வாழ்வில் நம் மனத்தை மிகவும் கவர்ந்தது இச்செய்தியே. புதிய கரும்பு ஆலைக்கும் அரசுக்கும் பயன்பட்டதைப் பட்டியலிடுதல் எளிது. கிராமத்தில் அதனை நட்டவன் என்ன ஆனான் என்று கேட்பது ஆராய்ச்சிக்கூடத்தின் வழக்கமன்று. பூதநூலும் இரசாயனமும் வல்லோர் நிறைந்த அவையில் அக்கேள்வியைக் கொணர்ந்து வைத்தது ஒரு துணிவே. கேள்விக்கு விடை அவ்வவையிற் கிட்டியதென்று நாம் சொல்லவில்லை. இன்னும் கிட்டியதென்றும் சொல்லோம்.

ஆங்கில அரசு அவருக்குச் சர் பட்டம் அளித்தது. 1942இல் அவர் ஓய்வுபெற்றார். விடுதலைக்குப்பின் 1956இல் பாரத அரசு பத்மபூஷண் விருதளித்தது. வடநாட்டு மெல்லிய கரும்பினத்திற்குப் பார்பர் துரையின் பெயரைத் தாவர நூலார் சூட்டியுள்ளனர். வேங்கடராமனாருக்கு அத்தகைய பெயர்ச்சின்னம் இல்லை. கோ என்னும் ஓரெழுத்தும் அதன் பின்னிற்கும் எண்களுமே உள.

அவ்வெண்கள் அவர் காலத்தோடு நின்றுவிடவில்லை. நிலையத்தின் வடநாட்டுக் கிளையாகிய கர்னாலிற் பிறந்து 2009இல் வெளிவந்த கோ 0238 என்னும் கரும்பு, உத்தரப்பிரதேசத்தின் கரும்பு நிலத்தில் மிகப்பெரும்பகுதியைக் கவர்ந்துகொண்டது. விளைவும் சர்க்கரையும் மிகுந்தமையால் உழவரும் ஆலையாரும் வேறொன்றை நாடவில்லை. சில ஆண்டுகளிலேயே அதனையும் செவ்வழுகல் பற்றிற்று. 1938இன் கதை மீண்டும் நடந்தது. அதற்கு மாற்றைத் தேடுவோர் மறுபடியும் காட்டுக் கரும்புகளிடமே செல்கின்றனர். வேங்கடராமனார் மறைவதற்கு இரண்டாண்டு முன்னர், 1961இல், கண்ணூரில் இந்நிலையத்தின் கிளையொன்று தொடங்கப்பெற்றது. பல நாடுகளிலிருந்து திரட்டிய கரும்புகளும் அவற்றின் காட்டுச் சுற்றமும் கோயமுத்தூரின் நோய்கள் எட்டாத அக்கடலோரத்தில் ஆண்டுதோறும் புதிதாக நடப்பட்டுக் காக்கப்படுகின்றன.